குதிகால் வலியுள்ளவர் காலணி வாங்கப் புறப்படுமுன்

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்கினாற்போல் சுருக்கென்று ஒரு வலி. சுவரைப் பிடித்தபடி பத்துப் பதினைந்து அடி நொண்டி நடந்தால் மெல்லத் தணிகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே கதை. இப்படியொரு வலி பல மாதங்களாக இருந்து, அதற்கேற்ற காலணியைத் தேடித் தேடிக் களைத்துப்போனவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலையில் இருந்த எனக்கு இந்த வலி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில் வாங்கிச் சில வாரங்களிலேயே ஒதுக்கிவைத்த காலணிகள் மட்டும் ஏழு ஜோடி. சில, கையால் அமுக்கிப் பார்த்துப் பஞ்சுபோல் இருக்கிறதே என்று மயங்கி வாங்கியவை. மற்றவை, வலிக்கு நல்லது என்று சொல்லி விற்கப்பட்டு, வெளியே போட்டுக்கொண்டு போகக் கூச்சமாக இருந்ததால் மூலையில் கிடந்தவை. ஏழிலும் நான் செய்த பிழை ஒன்றுதான்: என் கால் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமலேயே காலணியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆகவே இந்த வழிகாட்டியில் கடைக்குப் போவது நான்காவது படியாகத்தான் வருகிறது.

முதல் படி: வலிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் தூக்கிவைத்துக்கொண்டு, கட்டைவிரலால் குதிகாலின் அடிப்பக்கத்தைச் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே வாருங்கள். குதிகால் முடிந்து பாதத்தின் வளைவு தொடங்கும் இடத்தில், அதுவும் உட்பக்கமாக, ஒரு புள்ளியைத் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளத் தோன்றினால், அது பெரும்பாலும் மருத்துவர்களால் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்றும் பேச்சு வழக்கில் குதிகால் வாதம் என்றும் சொல்லப்படும் கோளாறாக இருக்கும். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வரக்கூடிய இது, 40 முதல் 60 வயதுக்குள் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

குதிகால் எலும்பிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரை விசிறிபோல் விரிந்து செல்லும் தடித்த நார்ப்பட்டை ஒன்று, வில்லுக்கு நாண்போல நின்று பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. நடக்கும்போது குதிகால் தூக்கப்பட்டுப் பெருவிரல் மடங்கும் ஒவ்வொரு முறையும் இந்த நாண் இழுபட்டு விறைக்கிறது. பழக்கத்துக்கு மீறி நடை கூடுவது, கெட்டித் தரையில் நெடுநேரம் நிற்பது, உடல் எடை ஏறுவது, கெண்டைக்கால் தசை இறுகிக் கிடப்பது ஆகிய ஏதேனும் ஒரு காரணத்தால் பட்டை எலும்போடு சேரும் இடத்தில் தாங்கும் அளவைவிட இழுவை கூடிப்போனால், அங்குள்ள நார்கள் நைந்து தடிக்கின்றன. இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த பட்டை, எழுந்ததும் உடலின் முழு எடையோடு ஒரேயடியாக இழுபடுவதால்தான் அந்த முதல் அடி அப்படிக் குத்துகிறது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று யாரேனும் சொன்னால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலிலும் அந்த முள் போன்ற வளர்ச்சி இருக்கிறது; முள் அப்படியே இருக்க வலி மட்டும் போய்விடுவதும் வழக்கமே.

எல்லாக் குதிகால் வலியும் இந்த வகையைச் சேர்ந்ததன்று என்பதைக் காலணி தேடுகிறவர் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். குதிகாலின் நட்ட நடுவில், கெட்டித் தரையில் வெறுங்காலோடு நடக்கும்போது மட்டும் அடிபட்டதுபோல் வலித்தால், எலும்புக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை மெலிந்திருக்கலாம். அத்தகையவர்களுக்கு உண்மையிலேயே மெத்தென்ற காலணி தேவைப்படும். குதிகாலின் பின்பக்கத்தில், செருப்பின் விளிம்பு உரசும் இடத்தில் வலியும் வீக்கமும் இருந்தால், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் குதிநாணில் கோளாறு இருக்கலாம்; அவர்கள் பின்பக்கம் திறந்த அல்லது மிருதுவான விளிம்புள்ள காலணியைத் தேட வேண்டும். மூன்று வகையினருக்கும் ஒரே காலணியைப் பரிந்துரைக்கும் விளம்பரங்களை நான் இப்போது படிப்பதே இல்லை.

இரண்டாம் படி: கடைக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

பாதத்தில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு அல்லது எரிச்சல் இருந்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம். படுத்திருக்கும்போதும் தூக்கத்தை விரட்டும் அளவுக்கு வலிப்பது, குதிகால் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருப்பது, குதித்தோ விழுந்தோ 'படக்' என்ற உணர்வோடு வலி தொடங்கியது, குதிகாலை இரு பக்கங்களிலிருந்தும் சேர்த்து அமுக்கினால் தாங்க முடியாமல் வலிப்பது ஆகியவை உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது எலும்பில் நுண்ணிய முறிவு இருப்பதைக் காட்டக்கூடும். இளம் வயதில் இரண்டு குதிகால்களும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், அது மூட்டழற்சி நோயாக இருக்கலாம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், கடிக்கும் காலணி கடிப்பதையே உணர மாட்டார்கள் என்பதால், புதுக் காலணியை மருத்துவரின் ஆலோசனையோடு வாங்குவதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: காலை அளந்து காகிதத்தில் வரையுங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். நாள் முழுவதும் நடந்து நின்ற பாதம் மாலையில் சற்று உப்பியிருக்கும். காலணி பொருந்த வேண்டியது அந்தப் பாதத்துக்குத்தான். தரையில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, அதன்மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வேறொருவரை வரையச் சொல்லுங்கள். நாமே குனிந்து வரைந்தால் எடை இடம் மாறிக் கோடு பிசகும். குதிகாலின் பின்முனையிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை ஓர் அளவும், விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதத்தின் அதிக அகலமும் எடுத்துக்கொள்ளுங்கள். மிக நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை. பலருக்கு இரண்டாம் விரலே முந்தி நிற்கிறது. இரண்டு கால்களையும் தனித்தனியே அளப்பது அவசியம். பெரும்பாலோருக்கு ஒரு கால் சற்றே பெரிது. காலணி எப்போதும் பெரிய காலுக்குத்தான் வாங்கப்பட வேண்டும்.

சில கடைகளில் காலை வைத்து அளக்கும் ஓர் உலோகத் தட்டு இருக்கும். சார்லஸ் பிரானாக் என்ற அமெரிக்கர் 1920களில் உருவாக்கிய கருவி அது. நீளம், அகலம் ஆகியவற்றோடு, குதிகாலிலிருந்து பெருவிரலின் அடி மூட்டுவரை உள்ள மூன்றாவது நீளத்தையும் அது அளக்கிறது. ஒரே நீளமுள்ள இருவரின் பாதங்கள் இந்த மூன்றாவது அளவில் வேறுபடலாம். அப்போது ஒருவருக்குச் சரியான இடத்தில் மடங்கும் காலணி மற்றவருக்கு வளைவின் நடுவில் மடங்கும்.

எண்களை முழுதாக நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 6.7 மி.மீ. வித்தியாசம், பிரிட்டிஷ், அமெரிக்க அளவுகளில் அது சுமார் 8.5 மி.மீ. ஒன்றை மற்றதாக மாற்றும் அட்டவணைகள் எப்போதும் தோராயமானவை; அதோடு, ஒவ்வொரு நிறுவனமும் காலணியைத் தைக்கப் பயன்படுத்தும் கால் அச்சும் வேறுவேறு.

வரைந்த பாதத்தைக் கோட்டின் மேலேயே கத்தரித்தெடுங்கள். இந்தக் காகிதப் பாதம்தான் இனி உங்களோடு கடைக்கு வரப்போகிறது. நான் முதன்முதலாக இதைச் செய்தபோது, வீட்டிலிருந்த மிகப் பிடித்த கூர்முனைக் காலணியின் அடிப்பாகத்தின் மேல் அந்தக் காகிதத்தை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் ஒரு விரல்கடை அளவுக்குக் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்த அளவு சதை எங்கே போயிருக்கும் என்று யோசித்த நிமிடத்தில் அந்தக் காலணியின் மீதிருந்த ஆசை விட்டுப்போயிற்று.

பழைய காலணியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து நோக்கும்போது குதிப்பகுதி உட்பக்கம் சாய்ந்திருந்தால், நடக்கும்போது பாதம் உள்நோக்கிச் சரிகிறது. அத்தகையவருக்குப் பக்கவாட்டில் உறுதியான காலணி உதவும். குதியின் வெளிவிளிம்பில் கொஞ்சம் தேய்வு இருப்பது இயல்பு.

நான்காம் படி: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

மாலையில் போங்கள், வழக்கமாக அணியும் காலுறையை அணிந்துகொண்டே போங்கள். அணிந்து பார்ப்பதற்கு முன் கையால் செய்ய வேண்டியவை மூன்று. முதலில், குதியைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடிக்கும் சுவரைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அமுக்குங்கள். அது எளிதில் நசுங்கிவிட்டால் குதிகாலை நேராக நிறுத்தாது. அடுத்து, முனையையும் குதியையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். முறுக்கு அதிகம் கொடுக்காததே நமக்கு ஏற்றது. பிறகு, முனையைத் தரையில் ஊன்றி மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் அட்டைபோல் இரண்டாக மடங்கும் காலணியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வளைவின் நடுவே அது மடங்கும் ஒவ்வொரு முறையும் நைந்த நார்ப்பட்டைதான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது.

இங்கேதான் 'பஞ்சு போன்ற' காலணியின் மாயம் புரியும். மிக மிருதுவான ஃபோம் முதல் பத்து நிமிடத்துக்குச் சுகமாக இருக்கும். பிறகு எடை விழும் இடத்தில் அமுங்கிப்போய்ப் பாதத்தை நிலையில்லாமல் ஆட விடும். குதிக்கு அடியில் மெத்தை தேவைதான், ஆனால் அந்த மெத்தைக்கு அடியில் உறுதியான தளம் வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி உடனே மீண்டு வர வேண்டும். அழுத்திய குழி அப்படியே நின்றால் வேண்டாம்.

குதியின் உயரத்தைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. வலி வந்ததும் முழுத் தட்டையான காலணிக்கு மாறிவிடுகிறார்கள். தட்டையான காலணியில் கெண்டைக்கால் தசை முழு நீளத்துக்கும் இழுபடுவதால் குதிகால் நாரின் மேல் இழுவை கூடுகிறது. குதி முனையைவிட ஒன்று முதல் மூன்று செ.மீ. உயர்ந்திருப்பது பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும். ஐந்து செ.மீ.க்கு மேல் போனால் எடை முழுவதும் முன்பாதத்துக்கு மாறுவதோடு, தினமும் அணியும்போது கெண்டைக்கால் தசையும் நாளடைவில் குறுகிவிடுகிறது.

இப்போது அணிந்து பாருங்கள். இரண்டு கால்களிலும் அணிந்து, எழுந்து நின்று பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளேயே தூக்கி அசைக்க முடிய வேண்டும். நடக்கும்போது குதி கழன்று கழன்று வரக் கூடாது. கடைக்குள் ஐந்து நிமிடமாவது நடங்கள். முடிந்தால் கம்பளம் விரிக்காத இடத்தில் நடங்கள். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் தனித் தட்டான இன்சோலைக் கழற்ற முடிந்தால், அதன்மேல் காகிதப் பாதத்தை வைத்து, எங்கேயும் வெளியே வழியவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்கேயாவது இறுக்குகிறது என்று சொன்னதும் விற்பனையாளர், "போடப் போட இளகிவிடும்" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. நல்ல தோல் அகலவாக்கில் சற்று இளகும்; நீளவாக்கில் ஒருபோதும் நீளாது; செயற்கைத் தோல் பெரும்பாலும் எந்தப் பக்கமும் இளகாது. கடையிலேயே கடிக்கும் செருப்பு வீட்டுக்கு வந்தபின் பழகிவிடும் என்று நம்பி வாங்கியவற்றில்தான் என் ஏழு ஜோடிகளில் மூன்று அடக்கம்.

ஐந்தாம் படி: அழகை விட்டுக்கொடுக்காமல் தேர்வது

அழகாக இல்லாத காலணியை எவரும் தொடர்ந்து அணிவதில்லை. அணியாத காலணி எவர் வலியையும் குறைப்பதில்லை. ஆகவே அழகைப் பற்றி யோசிப்பது வீண் ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன சோதனைகளில் தேறுகிற வடிவங்கள் எவை என்று தெரிந்துகொண்டால், அவற்றுக்குள்ளேயே நிறமும் தோலும் தையலும் பார்த்து மனதுக்குப் பிடித்ததை எடுக்கலாம்.

கணுக்காலை மூடும் குட்டை பூட்ஸ் இதில் முதலிடம் பெறும். அதன் உள் ஆழம் அதிகம் என்பதால் தடிமனான இன்சோலை வைத்தாலும் வெளியே தெரியாது. லேஸ் வைத்த அலுவலகக் காலணிகளில், லேஸ் கட்டும் இரு மடல்களும் மேலே தனியாக விரியும் டெர்பி வகை, மடல்கள் அடியில் சேர்த்துத் தைக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு வகையைவிட அதிகம் நெகிழ்ந்து கொடுக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பெண்களுக்கான காலணிகளில், பாதத்தின் மேல் குறுக்காக வார் உள்ள மேரி ஜேன் வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வார் பாதத்தைப் பிடித்துக்கொள்வதால், காலணி கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும் வேலை மிச்சமாகிறது. பின்பக்கம் திறந்த, வாரில்லாத செருப்புகளில் அந்த வேலையை விரல்கள் நாள் முழுவதும் செய்கின்றன. உயரம் வேண்டும் என்பவர்கள் ஊசிக் குதியை விட்டு, அடி முழுவதும் சரிவாக எழும்பும் வெட்ஜ் வகையையோ அகலமான கட்டைக் குதியையோ எடுக்கலாம். முன்பகுதியும் சற்றுத் தடித்திருந்தால் குதிக்கும் முனைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் குறைந்துவிடும்.

கூர்முனை பிடிக்கும் என்றால் அதையும் முழுதாகத் துறக்க வேண்டியதில்லை. கூர்மை, விரல்கள் முடிந்த பிறகு தொடங்குகிறதா என்பதுதான் கேள்வி. காகிதப் பாதம் அதற்கு உடனே பதில் சொல்லும். தடித்த அடிப்பாகம் கண்ணை உறுத்தினால், அடியும் மேல்தோலும் ஒரே நிறத்தில் இருக்கும் காலணியைத் தேடுங்கள். கறுப்பு மேல்தோலுக்கு வெள்ளை அடி என்று வரும்போதுதான் தடிமன் பளிச்சென்று தெரிகிறது.

ஆறாம் படி: வீட்டில் ஒரு வாரம்

புதுக் காலணியை வாங்கிய மறுநாளே எட்டு மணி நேரம் அணியாதீர்கள். முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு நாள்தோறும் சற்றுக் கூட்டிக்கொண்டே போனால், பொருந்தாத இடம் எது என்று வெளியில் மாட்டிக்கொள்ளாமலே தெரிந்துவிடும். அடிப்பாகம் அழுக்காகாமல் இருப்பதால் திருப்பிக் கொடுக்கவும் இயலும்.

பாத வளைவுக்குத் தாங்கல் தரும் இன்சோலை முதலில் ஆயத்தமாகக் கிடைப்பதிலேயே வாங்கிப் பாருங்கள். அளவெடுத்துச் செய்யப்படும் விலை உயர்ந்த இன்சோல்கள் இந்த வலியில் ஆயத்த இன்சோல்களைவிடப் பெரிதாக மேம்பட்ட பலனைத் தருவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. பாதத்தின் அமைப்பே மாறுபட்டவர்களுக்கு மட்டும் அவை உண்மையில் தேவைப்படும். காலணியின் சொந்த இன்சோலை எடுத்துவிட்டு இதை வையுங்கள். அதன்மேலேயே இதையும் வைத்தால் பாதம் உயர்ந்து, குதி கழலத் தொடங்கும்.

வீட்டுக்குள் அணிவதற்கென்றே உறுதியான அடியுள்ள ஒரு ஜோடியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையின் அந்த முதல் அடியைக் கெட்டித் தரையில் வெறுங்காலோடு வைக்காமல் இருப்பதே பலருக்குப் பாதி நிம்மதி.

ஏழாம் படி: காலணியால் ஆகாத வேலை

நல்ல காலணி இழுவையைக் குறைத்து நார் ஆறுவதற்கு இடம் கொடுக்கிறது. நாரை வலுவாக்கும் வேலையைப் பயிற்சிதான் செய்ய வேண்டும். படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன்பே, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் வைத்து, கையால் விரல்களை முழங்காலை நோக்கிப் பின்னால் வளையுங்கள். உள்ளங்காலில் நாண்போல் விறைக்கும் பட்டையை மற்றக் கையால் தொட்டு உணர முடியும். பத்து விநாடி பிடித்து விடுவது ஒரு முறை. அப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, முழங்காலை மடக்காமலும் குதியைத் தூக்காமலும் அரை நிமிடம் கெண்டைக்காலை இழுத்து நிற்பது அடுத்தது.

வலி சற்றுத் தணிந்த பிறகு, படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று விநாடியில் மெல்ல உயர்ந்து, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் மெல்ல இறங்கும் பயிற்சியை ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் இரு கால்களாலும், பழகிய பிறகு ஒரு காலாலும் செய்யுங்கள். அலுப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் என் வலி போனதற்கு ஒன்றைக் காரணமாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மாலையில் உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுவது அன்றைய வலியைத் தணிக்கும்.

பலன் வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் தெரியும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே குணமாகிவிடுகிறது. ஸ்டீராய்டு ஊசி விரைவாக வலியைக் குறைக்கும். ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் சில வாரங்களே நிற்கும், திரும்பத் திரும்பப் போட்டால் கொழுப்பு மெத்தை மெலியவும் பட்டை அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் ஒழுங்காக முயன்றும் மாற்றம் இல்லையென்றால், வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து அழுத்த அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை போன்ற பிற வழிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

காலணிக்கும் ஆயுள் உண்டு. ஓட்டக் காலணிகளின் மெத்தை 500 முதல் 800 கி.மீ. தூரத்துக்குள் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. மேற்பகுதி புதிதுபோல் பளபளத்தாலும் அடியிலுள்ள ஃபோமின் பக்கவாட்டில் சுருக்கங்கள் விழுந்திருக்கும். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது இரண்டுக்கும் நல்லது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு காலணியிலும், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உட்புறத்தில் வாங்கிய தேதியைப் பேனாவால் எழுதிவைக்கிறேன். இப்போது அணிந்திருக்கும் ஜோடிக்குப் பத்து மாதம் ஆகிறது. மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து பார்த்தேன். இரண்டு குதிகளும் இன்னும் நேராகவே நிற்கின்றன.